வலது பின் மட்கார்டு

மாலாங் நகரத்தில் தாமரின் பட்டறைக்குள் ஒரு பழைய கார் நுழைந்தால், முதலில் அதன் மேல் ஏறுவது காந்தம்தான். துணி சுற்றிய சின்னக் காந்தம். அதை வைத்துக்கொண்டு கூரையிலிருந்து அடிச்சட்டம் வரை ஓர் அங்குலம் விடாமல் தாமர் தடவிக்கொண்டே போவான். தகரம் இருக்கிற இடத்தில் காந்தம் கவ்வும். பள்ளத்தை மறைக்கப் பட்டிப் பசை அப்பியிருக்கிற இடத்தில் வழுக்கும். வழுக்கிய இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போட்டு, முன்னால் வேலை பார்த்த டிங்கரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர்வான்.

அந்தப் புதன்கிழமை வந்தது ஒரு பச்சை ஃபியட். அறுபது வருஷத்து வண்டி. இடது பக்கம் முழுக்க வட்டம் வட்டமாகப் போட்டு முடித்துவிட்டு தாமர் கத்தினான்.

"பக்டே, இங்க வந்து பாருங்க! கதவா இது? சுவரு! ரெண்டு விரக்கடை கனத்துக்குப் பட்டி. இதை வச்சவன் டிங்கரா, கொத்தனாரா?"

பக்டே என்று அவன் கூப்பிட்டது வியோனோவை. தாமருடைய அப்பாவின் அக்காவைக் கட்டியவர். அறுபத்தொரு வயது. மனைவி சுமிரா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. "தனியா கெதிரியில உக்காந்து என்ன பண்ணப் போறீங்க, வாங்க" என்று தாமர்தான் கூட்டிவந்து, பட்டறைக்குப் பின்னால் ஒரு அறையும் கையில் ஒரு வேலையும் கொடுத்தான். மற்ற நாளாக இருந்தால் கொத்தனார் கதைக்கு வியோனோவும் கூடச் சேர்ந்து நாலு வசை சேர்த்திருப்பார். அன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியின் நம்பர் பிளேட் கெதிரிப் பக்கத்தது. முன் சீட்டில் ஒரு பழைய ஃபைல் கிடந்தது, மேலே ஒரு பெயர்: ஹர்த்தினி, தலைமை ஆசிரியை. பச்சை பெயர்ந்த இடத்தில் வெண்ணெய் நிறம் எட்டிப் பார்த்தது.

அட கடவுளே, இத்தனை கார் இருக்கிற ஜாவாவில் இதுதானா வந்து நிற்க வேண்டும்!

"வலது பக்கத்தை நான் பாத்துக்கறேன், லே" என்று காந்தத்தை வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கம் போய், பின் மட்கார்டின் மேல் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். காந்தத்தை வைக்கவே இல்லை. எதற்கு வைக்க வேண்டும்? தன் கையால் அப்பியது தனக்குத் தெரியாதா?

முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், கெதிரியில், வியோனோவும் மச்சான் தர்முஜியும் சேர்ந்து ஒரு 'மந்திரத் தட்டு' பட்டறை நடத்தினார்கள். பேரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். நசுங்கின காரை விட்டால் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கார்க்காரன்கூட எட்டிப் பார்க்கக் கூடாது. சாம்பிராணிப் புகை வரும், டொக் டொக்கென்று சத்தம் வரும், சாயங்காலம் கார் புதுசாக வெளியே வரும். உள்ளே பூதம் வந்து தட்டுகிறது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். இவர்களும் இல்லையென்று சொல்லவில்லை, பிழைப்பாயிற்றே! வித்தை என்னவோ ஜாக்கியும் சுத்தியலும் பொறுமையும்தான். ஆனால் ஒரு சத்தியம் மட்டும் நிஜமானது. பிளித்தாரில் இருந்த குரு, சுத்தியலைக் கையில் கொடுக்கும்போதே வாங்கிக்கொள்கிற சத்தியம். தகரத்தைத் தகரமாகவே நிமிர்த்த வேண்டும். பட்டியைத் தொட்டவனுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை.

பட்டறையில் வாய் வியோனோவுடையது, கை தர்முஜியுடையது. தர்முஜி இடதுகைக்காரர். சோறு வலது கையால், சுத்தியல் இடது கையால். குருகூட முதலில் முகம் சுளித்தார், அப்புறம் வேலையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஹர்த்தினி டீச்சரின் ஃபியட் அங்கே வந்தது நோன்புப் பெருநாளுக்கு ஐந்து நாள் முன்னால். கரும்பு லாரி ஒன்று பின்னாலேயே வந்து வலது பின் மட்கார்டைச் சப்பளித்திருந்தது. பெருநாளைக்குத் தாய் வீட்டுக்கு அதில்தான் போக வேண்டும் என்று டீச்சர் கெஞ்சினாள். இரண்டு நாள் தட்டிவிட்டு, மூன்றாம் நாள் தர்முஜி தன் ஊருக்கு ஓடிவிட்டார். பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டது, முதல் பிரசவம். பிறந்தவன்தான் தாமர். மிச்ச வேலை வியோனோவின் தலையில் விழுந்தது. தட்டத் தட்டத் தகரம் இன்னும் கோணிக்கொண்டு போனது. கடைசியில் கிழிந்தும் போனது. பெருநாளுக்கு முந்தின நாள், கதவைச் சாத்திக்கொண்டு, ஓட்டைக்குள் அன்றைய பேப்பரைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டியை அப்பி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, சாம்பிராணியும் காட்டினார். டீச்சர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனாள்.

ஐந்து மாதம்தான். பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தும்போது உள்ளங்கை அளவு பட்டி பெயர்ந்து விழுந்தது. டீச்சர் லேசுப்பட்டவள் இல்லை. அந்தக் கட்டியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நேரே பிளித்தாருக்குப் போய் குருவின் முன்னால் வைத்தாள். குரு இரண்டு பேரையும் வரச் சொன்னார். இருபது முப்பது டிங்கர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இது யாரு கை?" என்றார் குரு.

வாய் யாருடையதோ அதுதானே முந்தும்! "ஊருக்குப் போற அவசரத்துல தர்முஜி பூசிட்டுப் போயிட்டான். எனக்கும் இப்பத்தான் தெரியும்" என்றார் வியோனோ.

தர்முஜி தலையைத் திருப்பி அவரை ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்துபோய்ச் சுத்தியலைக் குருவின் காலடியில் வைத்துவிட்டு வெளியே போனார். அதற்கப்புறம் கிழக்கு ஜாவாவில் எந்த மந்திரத் தட்டுக்காரனும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. கடல் தாண்டிக் காலிமந்தான் காடுகளில் பத்து வருஷம் மரம் அறுத்தார். திரும்பி வந்து மாலாங்குக்குத் தெற்கே கெபாஞ்சேனில் காடை வளர்க்கிறார். மறுபடி சுத்தியலைத் தொடவே இல்லை. தாமரைப் பள்ளிக்கூடத்தில் 'பட்டி மகன்' என்று கூப்பிட்டார்கள். அந்த ரோஷத்தில்தான் அவன் இந்தத் தொழிலுக்கே வந்தான், காந்தமும் கையுமாக. சுமிராவோ தம்பியைக் கண்ட இடத்தில் காறித் துப்பாத குறை. "என் புருஷன் பேரைக் கெடுக்கப் பாத்தவன்" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்து வியோனோ காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஏன் முடியாது? எதிரே உட்கார்ந்திருக்கிறவன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தால் தாராளமாக முடியும்.

இப்போது வியோனோவைக் குடைந்தது அந்தப் பேப்பர். பெயர்ந்த இடத்தை வேறு எவனோ மேலாகப் பூசிப் பச்சை அடித்திருப்பான், உள்ளே அது அப்படியே இருக்கும். பட்டியைச் சுரண்டினால் அது வெளியே வரும். அதில் தேதி இருக்கும். பெருநாளுக்கு முந்தின நாள். அப்பாவின் பேர் கெட்டது எந்த வண்டியால் என்று தாமருக்குத் தெரியாதுதான், ஆனால் கெதிரி வண்டிக்குள் தன் பிறந்த நாளுக்கு மறுநாள் தேதியைப் பார்த்தால் துருவாமல் விடுவானா? அன்றைக்கு அவன் அப்பா நூறு கிலோமீட்டர் தள்ளி அவனை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பேப்பரைப் பார்த்த நிமிஷம் எல்லாம் வெட்ட வெளிச்சமாகிவிடும். இந்த அறை, இந்த வேலை, தினமும் காலையில் 'சாப்டீங்களா பக்டே' என்று கேட்கிற அந்தக் குரல், எல்லாம் போய்விடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் தொழுகைக்குக் கிளம்பினார்கள். "வயித்தைக் கலக்குது, நீங்க போங்க" என்று வியோனோ படுத்துக்கொண்டார். அல்லாவுக்கும் சேர்த்து ஒரு பொய். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பேச்சு ஆரம்பித்ததும் எழுந்து, மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு கிரைண்டரை எடுத்தார். பேப்பரை எரிக்கத் தீப்பெட்டியும் பையில் இருந்தது.

பச்சை போனது. அதற்குக் கீழே வெண்ணெய் நிறம் போனது. அதற்கும் கீழே செம்மண் நிறப் பிரைமர். இனி பட்டி வர வேண்டும், வெள்ளைப் புழுதி பறக்க வேண்டும். புழுதி வரவில்லை. பொறி பறந்தது. பளபளவென்று தகரம்.

இடம் தப்பிவிட்டதோ என்று கொஞ்சம் கீழே இறக்கினார். தகரம். மேலே ஏற்றினார். தகரம். சாக்கட்டி வட்டம் முழுவதும், மட்கார்டு முழுவதும் தகரம்தான். கிரைண்டரைக் கீழே போட்டுவிட்டுக் காந்தத்தை எடுத்து வைத்தார். நாய் எலும்பைக் கவ்வுகிற மாதிரி கவ்விக்கொண்டது.

டிக்கியைத் திறந்து, உள்ளே படுத்து, மட்கார்டின் பின்புறத்தைக் கையால் தடவிப் பார்த்தார். கிழிந்த இடத்தில் வேறு தகரம் வைத்துப் பற்றவைத்திருந்தது. சுற்றிலும் சுத்தியல் தடங்கள். சின்னச் சின்னதாக, நெருக்கமாக, வரிசை வரிசையாக. எல்லா வரிசைகளும் இடது பக்கம் சாய்ந்திருந்தன. ஜாவாவில் இப்படித் தட்டுகிற கை ஒன்றே ஒன்றுதான் உண்டு.

சுத்தியலைக் குருவின் காலடியில் வைத்த பிறகு, தலை குனிந்து வெளியேறின பிறகு, அந்த ஆள் டீச்சர் வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். யாரிடமோ சுத்தியலை இரவல் வாங்கி, வியோனோ அப்பிய பட்டியையும் பேப்பரையும் தோண்டி எடுத்துவிட்டு, தகரத்தை நிமிர்த்திக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறியிருக்கிறார். டீச்சரும் 'தப்புப் பண்ணினவனே வந்து சரி பண்ணிட்டான்' என்றுதான் நினைத்திருப்பாள். டிக்கிக்குள் படுத்தபடியே வியோனோ வாயைப் பொத்திக்கொண்டார். முப்பத்து மூன்று வருஷம் பயந்த சாட்சி இல்லவே இல்லை. தப்பித்தாயிற்று. அப்படியென்றால் டிக்கியை விட்டு இறங்க ஏன் மனம் வரவில்லை?

"யா அல்லா!" என்று வெளியே தாமரின் குரல் கேட்டது. தொழுகை முடிந்து வந்துவிட்டான். "பக்டே! என்ன இது? ஒரு பொட்டுப் பட்டி இல்லையே! இந்தப் பக்கத்தை மட்டும் யாரோ மகராசன்..." அவன் பேச்சு நின்றது. முன் சீட்டு ஃபைலைப் புரட்டுகிற சத்தம். "இருங்க இருங்க. ரசீது இருக்கு. மந்திரத் தட்டு, வியோனோ, கெதிரி. வலது பின் மட்கார்டு. பக்டே, இது உங்க கையா?"

இதுதான் சமயம். ஒரு 'இல்லை' போதும். வியோனோ டிக்கியிலிருந்து இறங்கி, புழுதியைத் தட்டிக்கொண்டு, "ம்" என்றார்.

பட்டகாலிலே படும் என்பது அடிக்கு மட்டுமா? பொய்க்கும்தான்.

தாமருக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான். மட்கார்டை நாலு பக்கமும் போட்டோ எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை பழைய கார் சங்கத்து ஆட்கள் வருகிறார்களாம், அதுவரை பெயின்ட் கிட்டே வரக் கூடாதாம். அப்புறம் அவன் முகம் கொஞ்சம் கோணியது.

"அப்பாவையும் கூட்டிட்டு வரணும், பக்டே. அவரு கண்ணால பாக்கணும். ஒரே குரு, ஒரே பட்டறை. அவரு பட்டி அப்பினாரு, நீங்க இப்படிப் பண்ணியிருக்கீங்க. நாளைக்கே போலாம். நீங்களும் வாங்க."

"எதுக்குடா அதெல்லாம்? பழசு."

"எனக்குப் பழசு இல்ல" என்றான் தாமர்.

சனிக்கிழமை காலை வேனில் போகும்போது வியோனோ மூன்று தடவை தொண்டையைச் செருமினார். மூன்று தடவையும் தாமர் திரும்பிப் பார்த்து, "தண்ணி வேணுமா பக்டே?" என்று கேட்டான். மூன்று தடவையும் தண்ணீர் குடித்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பொய். அது குறுகுறுப்பதில்லை, தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு பேச விடாமல் அடிக்கிறது.

தர்முஜி காடைக் கூண்டுகளுக்கு நடுவே தண்ணீர்க் குவளையோடு நின்றார். மகனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க மாஸ், வாங்க. என்ன ரெண்டு பேரும் சேந்து? முட்டை வேணுமா, இல்ல வழி தவறிட்டீங்களா?" என்று சிரித்தார். அக்கா புருஷனை அவர் எப்போதும் மாஸ், அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

தாமர் சிரிக்கவில்லை. போனை நீட்டினான். "இதைப் பாருங்கப்பா. ஹர்த்தினி டீச்சர் வண்டி."

தர்முஜி கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். படத்தைப் பெரிசாக்கினார். இன்னும் பெரிசாக்கினார். மட்கார்டின் வளைவின் மேல் அவருடைய இடது கட்டைவிரல் மெதுவாக ஓடியது.

"நல்லா இருக்கா? பக்டே பண்ணினது. தகரம்னா இதுதான். நீங்க அதே பட்டறையில என்ன பண்ணினீங்கன்னு ஊருக்கே தெரியும்."

தர்முஜி நிமிர்ந்து வியோனோவைப் பார்த்தார். குருவின் வீட்டில் பார்த்த அதே பார்வை. கோபம் இல்லை. அது இருந்திருந்தால்கூடத் தேவலை.

"நல்ல வேலை" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குவளையை எடுத்துக்கொண்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்தார்.

இந்த மனுஷன் மறுபடியும் வாயைத் திறக்கப் போவதில்லை! பெற்ற மகனே எதிரில் நின்று காறி உமிழ்ந்தாலும் திறக்கப் போவதில்லை. வியோனோ ஓர் அடி முன்னால் வந்தார். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அது என் கை இல்ல, லே" என்றார். "உங்கப்பா கை. பட்டி வச்சதுதான் நான். பேப்பரைத் திணிச்சு, நான்தான் வச்சேன். நீ பொறந்து அப்ப ஒரு நாள் ஆயிருக்கு. இவரு இங்க இல்லவே இல்ல. குருகிட்ட நான் பொய் சொன்னேன். இவரு பின்னாடி போயி அதைச் சரி பண்ணியிருக்காரு. எனக்கே நேத்துதான் தெரியும். நேத்தும் நீ கேட்டப்ப நான் 'ம்'னுட்டேன்."

தாமர் அப்பாவைப் பார்த்தான். அவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"அப்பா, நிஜமா?"

"டீச்சர் பிள்ளைங்க அந்தப் பக்கம்தான் உக்காரும்" என்றார் தர்முஜி. "பேப்பரை நம்பி எப்படி விட்டுட்டுப் போறது?"

தாமர் வியோனோவின் பக்கம் திரும்பினான். "பள்ளிக்கூடத்துல என்னை என்னன்னு கூப்பிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே இருந்தீங்களா?"

"இருந்தேன்."

தாமர் கையை ஓங்கவில்லை, கத்தவில்லை. பக்டே என்றும் கூப்பிடவில்லை. வியோனோ ஈர மண்ணில் மண்டி போட்டார். பெருநாள்தோறும் வயதில் சின்னவரான தர்முஜிதான் இப்படி மண்டியிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையை மன்னிக்கச் சொல்லிக் கேட்பார். ஒவ்வொரு வருஷமும் வியோனோ அந்தத் தலையைத் தொட்டு மன்னித்தும் இருக்கிறார், வெட்கமில்லாமல்.

"என்னை மன்னிச்சிரு, தர்முஜி."

"அட, எந்திரிங்க மாஸ். சேறு." தர்முஜி அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். "எனக்கு ஒண்ணும் இல்ல. அன்னைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தா உங்க பட்டறை போயிருக்கும், அக்காவுக்குச் சோறு போயிருக்கும். அவ என்னைத் திட்டினதுகூட எனக்கு உறைக்கல. ஊருக்காகத் திட்டுறா, புருஷன் மானத்தைக் காப்பாத்துறான்னு இருந்தேன். உள்ளுக்குள்ள அவளுக்குத் தெரியும் இல்ல, அது போதும். நீங்க அவகிட்ட எப்ப சொன்னீங்க? அன்னைக்கேவா?"

வியோனோ முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தட்டினார்.

"மாஸ்?"

"சொல்லல."

"சொல்லலைன்னா?"

"அவளுக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் தெரியாது."

தர்முஜியின் கை அவர் தோளிலிருந்து இறங்கியது. "புருஷன் பொண்டாட்டிக்குள்ள எப்படி மாஸ்... இருபத்தொம்பது வருஷம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். கண்களை இடுக்கிக்கொண்டு எதையோ யோசித்தார். "ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துட்டு வந்தேனே. என்னைப் பாத்ததும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாளே. கூப்பிடக் கூப்பிடத் திரும்பல. வார்டுல ஆளுங்க இருக்காங்க, அதான் நடிக்கிறான்னு நினைச்சேன் மாஸ். கஞ்சியை வச்சுட்டு, பஸ்ஸுல சிரிச்சுக்கிட்டே வந்தேன். சாகக் கிடக்குறப்பக்கூட இவ நடிப்பைப் பாருன்னு சிரிச்சேன். அது நிஜமா? நிஜமாவே என்னை வெறுத்துக்கிட்டுத்தான் போனாளா?"

பொய்க்கு முந்துகிற வாய் வியோனோவுடையது. அதில் இப்போது ஒன்றும் வரவில்லை. ஆமென்று தலையை மட்டும் அசைத்தார்.

தர்முஜி குவளையை வைக்க இடம் தேடினார். கிடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்தார். அப்புறம், ஐம்பத்தெட்டு வயது மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரி, "அக்கா" என்று வாய்விட்டு அழுதார்.

தாமர் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, குவளையை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கினான். வியோனோ நின்ற இடத்திலேயே நின்றார். போகச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை, உட்காரச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை.